நான்கு குடைகளுக்கு எத்தனை நாற்காலி

"அண்ணே, இதைத் தூக்கிக்கிட்டே நிக்கவா, இல்ல எங்கயாச்சும் இறக்கி வைக்கவா?" என்று கேட்டார் கிரேன்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு தோள்களிலும் மடக்கு நாற்காலிகளை மாட்டிக்கொண்டு அவர் அரங்கத்தின் நட்டநடுவில் வெகுநேரமாக நின்றிருந்தார். பளு தூக்கவே பிறந்தவர் போலிருந்த அந்த மனிதருக்கு அரங்கத்தார் அன்புடன் வைத்த பெயர்தான் கிரேன். அவருக்கு எதிரே, இடுப்பில் கை வைத்தபடி வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் அவ்வாறே ஒரு பெயர் உண்டு. சம்பளம் கொடுக்கும் நாளில் மட்டும் அவர் அரங்க அமைப்பாளர். மற்ற நாட்களில், மேலாளர் அம்மாள் உட்பட அனைவருக்கும், ஆசனம்.

"கொஞ்சம் இருப்பா. இவங்க என்ன வகைன்னே இன்னும் பிடிபடலை," என்றார் ஆசனம்.

கிரேன் நாற்காலிகளை இறக்கி, அவற்றுள் ஒன்றை விரித்து, அதிலேயே அமர்ந்துகொண்டார். ஆசனத்தின் வாயிலிருந்து 'பிடிபடலை' என்ற சொல் வந்து அவர் கேட்டதில்லை. நின்றுகொண்டு கேட்கக்கூடிய செய்தியாக அது அவருக்குத் தோன்றவில்லை.

அந்த அரங்கத்தில் தரையோடு பொருத்திய இருக்கைகள் கிடையாது. எந்த இசையோ அதற்கேற்ற அமைப்பு என்பதே அதன் பெருமை. செவ்வியல் இசை என்றால் நெருக்கமான நேர்வரிசைகள். ஒருவர் இருமினால் முன்வரிசைக்காரர் திரும்பி முறைக்கும் தூரம். நடன இசை என்றால் நாற்காலியே இல்லை. தரை முழுவதும் கால்களுக்குத்தான். ஜாஸ் என்றால் வட்ட மேஜைகள், மேஜைக்கொரு சிறு விளக்கு, சாய்ந்து அமர்ந்து பெருமூச்சு விடுவதற்கான இடைவெளி. நாட்டுப்புறப் பாடல் என்றால் மேடையை ஒட்டித் தரையில் மெத்தைகள். வகையைச் சொன்னால் போதும். மிச்சத்தை ஆசனம் பார்த்துக்கொள்வார். வகையைச் சொல்லாமல் அதுவரை ஒருவரும் அவரிடம் வந்ததில்லை.

இப்போது வந்திருந்தது 'நான்கு குடைகள்' என்னும் இசைக்குழு. மறுநாள் மாலை நிகழ்ச்சி. வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் குழுவின் பெயர் இருந்தது, நால்வரின் படம் இருந்தது, நேரமும் இருந்தது. 'வகை' என்று அச்சிட்டிருந்ததற்கு எதிரே மட்டும் சுவரைப் போல வெள்ளையாக இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் ஆசனம் ஒரு குத்துமதிப்பாக வரிசை போட்டுவிட்டுப் போயிருப்பார். ஆனால் சென்ற மாதம், தம்மை மெல்லிசைக் குழு என்று அடக்கமாக அறிமுகப்படுத்திக்கொண்ட சிலரை நம்பி அவர் நேர்வரிசை போட்டார். இரண்டாவது பாட்டிலேயே மக்கள் நாற்காலிகளின் மேல் ஏறி ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வரிசை முழுவதும் கால் முறிந்தது. ஊரில் பெயர் பெற்ற பல் மருத்துவர் ஒருவர் தம் நாற்காலியின் மடிப்புக்குள் சிக்கிக்கொண்டார். பிறருடைய வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய அவர், அன்று தம் வாயை நன்றாகவே திறந்தார்.

மேலாளர் அம்மாள் அதிர்ந்து பேசுபவர் அல்லர். ஆசனத்தை அழைத்து, மேஜை மேல் ஒரு நீளமான திருகாணியை வைத்தார்.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா எல்லா நாற்காலியையும் தரையோட திருகிடப் போறேன். அப்புறம் யார் வந்து என்ன வாசிச்சாலும் வரிசைதான். நீங்க கவலைப்படாதீங்க, உங்களை வாகன நிறுத்தத்துக்கு மாத்திடறேன். அங்கயும் வரிசையா நிறுத்தற வேலைதான்."

கார்களை வரிசையாக நிறுத்துவது கேவலமான தொழில் அன்று. ஆனால் எந்தக் காரும் எந்தப் பாட்டுக்கும் தலையசைக்காது என்பதை ஆசனம் அறிவார்.

ஆகவே அவர் குழுத்தலைவியைத் தொலைபேசியில் அழைத்தார். அக்கார்டியன் வாசிக்கும் அந்தப் பெண்மணி மிகுந்த பணிவுடன் பேசினார். அந்தப் பணிவுதான் தொல்லையாகப் போயிற்று.

"நீங்க என்ன வகைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அதுக்கேத்த மாதிரி போட்டுடுவேன் மேடம்."

"எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்ல சார். நீங்க எப்படிப் போட்டாலும் சரி."

"அது எப்படி மேடம் சரியாகும்? போன ஊர்ல எப்படிப் போட்டிருந்தாங்க?"

"போன ஊர்ல மேஜை. அதுக்கு முந்தின ஊர்ல ஒண்ணுமே போடலை. அதுக்கும் முன்னாடி வரிசையா போட்டிருந்தாங்க. எல்லா இடத்துலயும் நல்லாத்தான் சார் போச்சு."

ஆசனம் நன்றி கூறிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். பெரிய கலைஞர்கள் இப்படித்தான், தம்மை ஒரு பெட்டிக்குள் வைத்துச் சொல்லக் கூசுவார்கள் என்று கிரேனுக்கு விளக்கினார்.

"அப்ப பெட்டியையும் நாமதான் செய்யணுமா அண்ணே?" என்றார் கிரேன்.

குழுத்தலைவி கையோடு மூன்று ஒலிப்பதிவுகளை அனுப்பியிருந்தார். மூன்றும் வெவ்வேறு ஊர்களில் பதிவானவை. அவற்றை எடுத்துக்கொண்டு ஆசனம் வீட்டுக்குப் போனார்.

இசையை வகை பிரிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. காதை அவர் நம்புவதில்லை. காது எதையும் ரசித்துவிடும் என்பது அவர் கட்சி. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் கண்களை மூடி அமர்ந்து, உடம்பின் எந்தப் பாகம் முதலில் அசைகிறது என்று பார்ப்பார். முதுகு நிமிர்ந்தால் வரிசை. முட்டி ஆடினால் வெறுந்தரை. முழங்கை சாய இடம் தேடினால் மேஜை. புட்டம் வழுக்கித் தரையை நாடினால் மெத்தை. இந்த முறை அவரை ஏமாற்றியதே இல்லை. சென்ற மாதம்கூட நேரமின்மையால் இதைச் செய்யாமல் விட்டதுதான் வினை.

மேஜையின் மறுகோடியில் அவர் மனைவி தையல் இயந்திரத்துடன் அமர்ந்திருந்தார். வாடிக்கையாளர்களின் உடைகளைத் தைப்பதும் பிரிப்பதும் அவர் தொழில். அன்று அவர் கையில் இருந்தது ஒரு வெள்ளை மேலங்கி.

முதல் பதிவு ஓடியது. வயலின் ஓர் இழை பிசகாமல் சென்றது. ஆசனத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. "வரிசை," என்றார் மகிழ்ச்சியுடன்.

இரண்டாவது பதிவில் டிரம்ஸ் அதிர்ந்தது. முட்டிகள் இரண்டும் ஆடின. ஆடிய வேகத்தில் அவர் நாற்காலியோடு நகர்ந்து குளிர்சாதனப் பெட்டியின் அருகே போய்ச் சேர்ந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி குறைந்தது.

மூன்றாவதில் சாக்ஸபோன் குழைந்தது. அவருடைய முழங்கை மேஜையைத் தேடி மெல்லச் சாய்ந்தது. மேஜையில் முழங்கைக்கு முன்பே ஒரு டீ தம்ளர் இருந்தது. அது மேலங்கியின் மேல் கவிழ்ந்தது.

மனைவி இயந்திரத்தை நிறுத்தினார். மேலங்கியைத் தூக்கி, வெள்ளையில் பரவும் பழுப்பைப் பார்த்தார்.

"முதுகு நிமிர்ந்தா செவ்வியல், முட்டி ஆடினா நடனம், முழங்கை சாஞ்சா ஜாஸ்," என்றார் நிதானமாக. "சரி, டீ கொட்டினா அது என்ன வகைங்க?"

"யாரோட கோட்டு அது?"

"உங்க நாற்காலியில மாட்டிக்கிட்டாரே, அந்தப் பல் டாக்டரோடது. அன்னைக்குக் கிழிஞ்சதைத் தைக்கக் கொடுத்திருக்கார்."

இது அறிவுள்ளவர்களைக் கலந்து ஆலோசிக்க வேண்டிய விஷயம் என்று தீர்மானித்து, ஆசனம் மனைவியின் அண்ணனை அழைத்தார். இசைக் கல்லூரியில் பேராசிரியரான அவர், அழைத்தால் வராமல் இருக்க மாட்டார். அழைக்காவிட்டாலும் பெரும்பாலும் வருவார்.

பேராசிரியர் மூன்று பதிவுகளையும் கேட்டார். அதன்பின் அவர் பேசியதை முழுமையாக எழுதினால் இக்கதை அவருடையதாகிவிடும். சுருக்கம் இதுதான்: ஒரே குழு, மூன்று வகை இசை, எனவே இவர்கள் வகைகளைக் கலக்கும் குழுவினர். இத்தகையோர் மீது ஒரு பெயரை ஒட்டுவது அநீதி. பெயர் என்பது சோம்பேறிக் காதுகளின் ஊன்றுகோல். இசை ஓர் ஆறு.

"ஆத்தைப் பார்த்து நீ எந்தக் கரைக்குச் சொந்தம்னு கேக்கறீங்க மாப்பிள்ளை," என்று முடித்தார்.

"ஆறு எங்க வேணா ஓடட்டும் மச்சான். நாளைக்கு வர்ற ஜனம் எங்க உட்காரும்?"

அதற்குள் மனைவி எழுந்து அலமாரியைத் திறந்தார். "அண்ணா, எங்க வீட்டுல பேர் ஒட்டாத டப்பா ரெண்டு இருக்கு. ஒண்ணுல சர்க்கரை, ஒண்ணுல துணி வெளுக்கற பொடி. இப்ப உங்களுக்கு டீ போடப்போறேன். கரையெல்லாம் பார்க்காம ஏதோ ஒண்ணைப் போடட்டுமா?"

பேராசிரியர் தம் கொள்கையைச் சற்றே தளர்த்தினார். பெயர் வேண்டும்தான் என்றால் அது நேர்மையான பெயராக இருக்க வேண்டும் என்றார். டீ வந்து, அதை மோந்து பார்த்து, பாதி குடித்து முடிப்பதற்குள் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தும்விட்டார்: 'செவ்வியல் தழுவிய நடனமய ஜாஸ்சார் நவீனக் கலப்பிசை.'

"நல்லா இருக்கு. ஒட்டறதுக்குப் பக்கத்துக் கட்டடத்தோட சுவரையும் கேட்டு வாங்கணும்," என்றார் மனைவி.

ஆசனத்துக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. நவீனக் கலப்பிசைக்கு நாற்காலியை எந்தப் பக்கம் திருப்புவது என்று பேராசிரியராலும் சொல்ல முடியவில்லை. அவர் விடைபெற்றுப் போனபின், ஆசனம் மனைவியிடமே கேட்டார்.

"அளவு சொல்லாத ஆள் உன்கிட்ட வந்தா நீ என்ன தைப்பே?"

மனைவி கறையில் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார். "எல்லா அளவுக்கும் சேர்த்துப் பெருசா தைச்சு, நடுவுல கயிறு கோத்துடுவேன். எங்க பிடிக்கணுமோ அங்க அவங்களே இழுத்துக் கட்டிக்கட்டும்."

ஆசனம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

மறுநாள் பிற்பகலில் அரங்கம் அதுவரை கண்டிராத கோலத்தில் இருந்தது. இடப்பக்கம் நேர்வரிசைகள். நடுவில் வெறுந்தரை. வலப்பக்கம் வட்ட மேஜைகளும் விளக்குகளும். மேடையை ஒட்டி மெத்தைகள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே கயிறு. செவ்வியல் முதல் நாட்டுப்புறம் வரை ஒரே கூரையின் கீழ் ஒருவர்மீது ஒருவர் இடிக்காமல் அமர்ந்திருப்பதைக் கண்டு ஆசனத்துக்கு நெஞ்சு நிறைந்தது. மேலாளர் அம்மாள் வந்தார். ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பைக்குள் திருகாணி எதன் மீதோ மோதிக் கணீரென்றது.

முதல் தொல்லை வாசலில் தொடங்கியது. சீட்டுக் கிழிப்பவர் வருவோர் ஒவ்வொருவரிடமும், உட்கார்ந்து கேட்பீர்களா, நின்று கேட்பீர்களா, சாய்ந்து கேட்பீர்களா, தரையில் கேட்பீர்களா என்று விசாரிக்க வேண்டியிருந்தது. என்ன வாசிப்பார்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். தெரியாது என்று அவர் உண்மையைச் சொன்னார். ஒரு முதிய தம்பதியர் அங்கேயே நின்றுவிட்டார்கள். கணவர் ஆடப்போவதாகச் சொன்னார். மனைவி, முட்டி வலிக்குத் தைலம் தேய்ப்பது யார் என்று கேட்டார். இருவரும் பேசி முடிக்கும் வரை வரிசை தெருவுக்கு நீண்டது.

பல் மருத்துவரும் வந்தார். தைத்து, துவைத்து, தேய்த்துத் தந்த மேலங்கி அவர் கையில் மடித்திருந்தது. ஆசனத்தின் மனைவியிடம் அதை வாங்கிக்கொண்டு நேரே வந்திருந்தார். ஆசனத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நாற்காலி இருக்கற பக்கமே நான் வர்றதா இல்ல," என்று சொல்லி நடுத்தரையில் போய் நின்றுகொண்டார். அவர் நிற்பதைப் பார்த்தால் இசை கேட்க வந்தவராகத் தெரியவில்லை. சாட்சி சொல்ல வந்தவராகத் தெரிந்தார்.

அடுத்த தொல்லை கயிறுகள். வரிசையில் இருந்த கணவருக்கு நடுத்தரையில் நின்ற மனைவி கண்ணாடிக்கூட்டை நீட்டக் கயிற்றின் மேல் சாய்ந்தார்; கயிறு தாழ்ந்தது; தாழ்ந்த கயிற்றில் வேறொருவர் கால் வைத்தார். மெத்தைக்காரர்கள் எழுந்து வெளியே போக வழியில்லை என்று முறையிட்டார்கள். ஆசனம் ஒரு நொடிகூடத் தயங்காமல் கயிறுகள் அனைத்தையும் அவிழ்க்கச் சொன்னார். அவருடைய தன்னம்பிக்கைக்குக் குறைவே இல்லை. எல்லைகள் இல்லாவிட்டாலும் மக்கள் தத்தம் இடத்தில் இருப்பார்கள் என்று கிரேனிடம் உறுதி கூறினார்.

நிகழ்ச்சி தொடங்கும் நேரம் வந்தது, நிகழ்ச்சி தொடங்கவில்லை. மேடைத் திரையின் நடுவே ஓர் இடுக்கு விழுந்தது. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு மூக்குகள் தெரிந்தன. மூக்குகள் இடமிருந்து வலமாகத் திரும்பின. மீண்டும் வலமிருந்து இடமாகத் திரும்பின. திரை மூடிக்கொண்டது. உள்ளே குசுகுசுவென்று வாக்குவாதம் நடப்பது முன்வரிசைக்குக் கேட்டது.

மேலாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். ஆசனம் மேடைக்குப் பின்னால் விரைந்தார்.

நால்வரும் கையில் கருவிகளுடன் தலைகூடி நின்றிருந்தார்கள். அக்கார்டியன் தலைவி பேசிக்கொண்டிருந்தார். வயலின்காரரும் சாக்ஸபோன்காரரும் குறுக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் வாய் திறக்காமல் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். அரங்கத்துக்குள் வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"சார், வெளியில இப்படியேதான் இருக்கப் போகுதா?" என்று கேட்டார் தலைவி.

"உங்களைப் புரிஞ்சுக்கிட்டுப் போட்டது மேடம்."

"நாலுமா?"

"நாலும்தான்," என்றார் ஆசனம் பெருமிதத்துடன்.

தலைவி மற்ற மூவரையும் பார்த்தார். பிறகு தோள்பட்டையில் அக்கார்டியனின் வாரை இறுக்கிக்கொண்டு, "சரி, பார்த்துக்கலாம்," என்றார். கலைஞர்களுக்கே உரிய மேடைப் படபடப்பு என்று ஆசனம் எண்ணிக்கொண்டார்.

திரை விலகியது. வயலின் முதலில் எழுந்தது. வரிசைக்காரர்கள் முதுகு நிமிர்ந்து, பக்கத்துப் பகுதிகளை இரக்கத்துடன் பார்த்தார்கள். வயலின் முடியுமுன் டிரம்ஸ் புகுந்தது. உடனே நடுத்தரை ஆடியது. சற்று நேரத்தில் சாக்ஸபோன் இரண்டையும் தள்ளிவிட்டு நுழைந்தது, மேஜைக்காரர்கள் சாய்ந்தார்கள். அக்கார்டியன் ஒரு கிராமத்துப் பாட்டை எடுத்ததும் மெத்தைகளில் கைத்தட்டல். அதன்பின் எது எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

தத்தம் இடத்தில் இருப்பார்கள் என்று ஆசனம் சொன்ன மக்கள் அதன்பின் இருந்த இடத்தில் இருக்கவில்லை. டிரம்ஸ் அதிர்ந்தால் வரிசைக்காரர்கள் எழுந்து நடுத்தரைக்கு ஓடினார்கள். வயலின் திரும்பினால், ஆடிக்கொண்டிருந்தவர்கள் காலியான நாற்காலிகளைப் பிடிக்க ஓடினார்கள். ஓடியவர்களுக்கெல்லாம் நாற்காலி போதவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவர் நின்றார். முதல் வரிசையின் நடு நாற்காலியில் அமர்ந்திருந்த பேராசிரியர், கால் மரத்துப்போய் ஒரே ஒரு கணம் எழுந்தார். அவ்விடத்தில் பருமனான ஒரு ரொட்டிக்கடைக்கார அம்மாள் அமர்ந்துவிட்டார். தாம் இசைப் பேராசிரியர் என்று அவர் தெரிவித்தார். தாம் களைத்திருப்பதாக அந்த அம்மாள் தெரிவித்தார்.

மேலாளர் அம்மாள் இரண்டு மேஜைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றார். பைக்குள் அவர் கை எதையோ தேடுவதை ஆசனம் தூரத்திலிருந்தே கண்டார். வாகன நிறுத்தத்தின் வெயில் அவர் கண்முன் விரிந்தது.

"கிரேன், நடுவுல இடம் பத்தலை. இடது பக்கம் ரெண்டு வரிசையை எடு."

கிரேன் ஒரே வீச்சில் இரண்டு வரிசைகளை மடக்கித் தோளில் அள்ளினார். மேடையில் டிரம்ஸ் வெடித்தது. அகன்ற தரையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆசனத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. சரியான கணத்தில் சரியான இடம்.

அதன்பின் அவர் நிற்கவில்லை. ஆடியவர்கள் களைத்ததைக் கண்டு மெத்தைகளை நடுவில் இழுத்துப் போட்டார், அக்கார்டியன் தாலாட்டியது. வலப்பக்க மேஜைகளை ஒன்று சேர்த்தார், சாக்ஸபோன் குழைந்தது. எடுத்த வரிசைகளைச் சாய்வாகத் திரும்பப் போட்டார். வயலின் சாய்வாக ஒரு ராகத்தைப் பிடித்தது. இசை மாறுவதும் இருக்கை மாறுவதும் ஒரே மூச்சாக நடந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்று யாராலும் பிரித்திருக்க முடியாது. ஆசனம் பிரித்துப் பார்க்கவும் இல்லை. இவ்வளவு காலமாக முதுகையும் முட்டியையும் முழங்கையையும் கேட்டுக் கேட்டு வளர்த்த ஞானம் இன்று உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டதாக அவர் உணர்ந்தார்.

"அண்ணே, எனக்கு மூச்சு முட்டுது," என்றார் கிரேன், தலைக்கு மேல் நாற்காலிக் கோபுரத்துடன்.

"விட்டுடாதே. இவங்களோட நாடி இப்ப என் கையில இருக்கு."

கிரேன் விட்டுவிட்டார். நாற்காலிக் கோபுரம் அரங்கத்தின் நடுவே சரிந்து விழுந்தது. அந்த ஓசையோடு ஓசையாக மேடையில் நான்கு கருவிகளும் ஒன்றாக இடித்தன. இடி, மின்னல், பெருமழை என்று சொல்லத்தக்க ஒரு முழக்கம். கூட்டம் மெய்ம்மறந்து கூவியது. நாற்காலி விழுந்ததும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சிதறிய குவியலிலிருந்து தள்ளி, ஒரே ஒரு நாற்காலி மட்டும் வெட்டவெளியில் தனியாக விரிந்து நின்றது. வயலின் ஒற்றைக் குரலில் மெல்ல அழைத்தது. ஓடிக் களைத்த ஆசனம் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் நடந்து சென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

இசை நின்றது.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பல் மருத்துவர் வியர்வையில் குளித்து, மேலங்கியைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு மேலாளர் அம்மாளிடம் வந்தார். ஆசனமும் எழுந்து அவர்கள் அருகே போய் நின்றார்.

"போன மாசம் நாற்காலி என்னை மடக்கிச்சு. இன்னைக்கு நான் அதை மடக்கிட்டேன்," என்றார் மருத்துவர். "கடைசி வரைக்கும் நான் பிடிச்ச நாற்காலியை ஒருத்தராலயும் பறிக்க முடியலை. அடுத்தது எப்ப வைக்கறீங்க?"

மேலாளர் அம்மாள் கைப்பையிலிருந்து திருகாணியை எடுத்தார். ஆசனத்தின் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க. இனி எனக்கு இதால வேலை இல்ல."

அதற்குள் பேராசிரியர் மேடை ஓரத்தில் ஏறியிருந்தார். தாம் ஆயுள் முழுவதும் சொல்லிவந்ததற்கு இன்று கண்முன் சான்று கிடைத்ததாக, போய்க்கொண்டிருந்த மக்களிடம் அறிவித்தார். எந்த வகைக்கும் அடங்காமல், எல்லா வகைகளையும் இயல்பாகவே கலக்கும் குழு இது. இவர்கள் மீது பெயர் ஒட்ட நினைப்பவர்கள் இனி வாய் திறக்கக் கூடாது. நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஆசனத்தின் மனைவி கீழே நின்று கேட்டார். பிறகு கணவரின் சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தானைத் திருகி எடுத்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். "கோட்டுக்காரர் கறையைக் கவனிக்கலைங்க," என்றார் மெதுவாக. அவருடைய பாராட்டு எப்போதும் அந்த அளவில்தான் இருக்கும்.

ஆசனம் மேடைக்குப் பின்னால் சென்றார். நான்கு குடைகளும் தரையில் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். தலைவி தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்துத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆசனம் கை குவித்து அனைவருக்கும் நன்றி கூறினார். தம் அனுபவத்தில் எத்தனையோ குழுக்களைப் பார்த்திருப்பதாகவும், ஆனால் ஒரு குழுவின் மனம் இப்படித் தமக்குள் முன்கூட்டியே ஒலித்தது இதுவே முதல் தடவை என்றும் சொன்னார்.

"எல்லாத்தையும் கலக்கறவங்களை ஒரு வகையில அடைக்க முடியாதுன்னு போன்ல பேசினப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு மேடம்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

தலைவிக்குப் பேச மூச்சு இல்லை. அதுவரை வாய் திறக்காத டிரம்ஸ்காரர்தான், கையிலிருந்த குச்சிகளை மடியில் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"நாங்க எங்க சார் கலந்தோம்? எந்த ஊருக்குப் போனாலும் திரை இடுக்குல எட்டிப் பார்ப்போம், நாற்காலி எப்படிக் கிடக்குதோ அந்த வகையை மட்டும் வாசிச்சுட்டுக் கிளம்பிடுவோம்; இன்னைக்கு நீங்க தூக்கிக்கிட்டு ஓடின ஓட்டத்துக்கு ஈடு கொடுக்கறதுக்குள்ள எங்க நாலு பேருக்கும் உயிரே போயிடுச்சு."